கண்டதும் சொன்னதும்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் கச்சிராயபாளையம் என்றோர் ஊர் உண்டு. மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றை மறித்து அங்கே அணை கட்டியிருக்கிறார்கள். மலையில் விளையும் கடுக்காயும் புளியும் தேனும் அந்த வழியாகவே கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்கின்றன. 2025 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் காலை, நண்பர் ஒருவரின் மண்டிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் நாம் அமர்ந்திருந்தோம். மலைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் கடுக்காய் மூட்டையை இறக்கிவிட்டு வந்து அருகே உட்கார்ந்தார். முன்பே முகம் பழகியவர்தாம். தேநீரை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்:

“பாய், நேத்து பொழுது சாஞ்சி கொஞ்ச நேரத்துல வானத்துல ஒண்ணு பாத்தேன். கயித்துல கோத்த மாதிரி விளக்கு, ஒண்ணு பின்னால ஒண்ணா, மேக்கால இருந்து கெழக்கால போச்சுங்க. சத்தமே இல்ல. முப்பது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் பாதி வானத்துல ஒண்ணொண்ணா அணைஞ்சு போச்சு.”

கடையிலிருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். சிரித்ததோடு நிற்கவில்லை. எத்தனை குவளை உள்ளே போனால் அத்தனை விளக்குத் தெரியும் என்று ஒரு கேள்வியும் கேட்டோம். கடை முழுவதும் அதிர்ந்தது. பெரியவர் பதில் பேசவில்லை. காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

இந்தக் கேள்வியின் நஞ்சு எத்தகையது என்பது கள்ளக்குறிச்சி வட்டாரத்தாருக்குத் தெரியும். 2024 ஜூன் மாதம் இந்நகரில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதற்குப் பின் கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்றொரு பழி நாட்டார் நாவில் ஏறிவிட்டது. அந்தப் பழியை, தன் பாட்டுக்கு உழைத்துத் தின்னும் ஒரு மனிதர் மீது நாம் எறிந்தோம். பிள்ளைகளுக்கு நாவடக்கம் ஓதிக்கொடுக்கும் வாயால் எறிந்தோம்.

சில வாரங்கள் சென்றன. ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்து இஷாவுக்குக் காத்திருந்த நேரத்தில் மாணவன் ஒருவன் ஓடிவந்து நம்மை மாடிக்கு அழைத்தான். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, ஒரே நூலில் கோத்த முத்துகளைப் போல, ஒளிப்புள்ளிகள் ஓசையின்றிச் சென்றுகொண்டிருந்தன. பாதி வானத்தில் ஒவ்வொன்றாக அணைந்தன. பெரியவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

அவை செயற்கைக் கோள்கள். இணையத் தொடர்புக்காக ‘ஸ்டார்லிங்க்’ என்னும் பெயரால் 2019 மே மாதத்தில் ஒரே ஏவுகணையில் அறுபது கோள்களை அமெரிக்க நிறுவனம் ஒன்று அனுப்பத் தொடங்கியது. அதற்குப் பின் கூட்டங்கூட்டமாக அனுப்பி வருகிறது. ஏவிய சில நாட்கள் வரை அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்லும். பிறகு மெல்ல உயர்ந்து, சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் தத்தம் இடத்திற்குப் பிரிந்துவிடும். சூரியன் மறைந்து நம் நிலம் இருண்ட பின்னரும் அந்த உயரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அவ்வெயில் பட்டுத்தான் அவை மின்னுகின்றன. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் ஒவ்வொன்றாக அணைவது போல் தோன்றுகின்றன.

அடுத்த சந்தை நாளில் பெரியவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: “நான் பாத்ததத் தானுங்க சொன்னேன். அது இன்னதுன்னு நான் சொல்லலியே, பாய்.”

வாசக அன்பர்களே, அந்தச் சொல்லை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு குறுகுகிறது. கண்டதைச் சொல்லி, காணாததைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டவர் எழுத்தறியாத மலைவாசி. காணாததைக் கண்டவர் போலப் பேசி, அவர் குடித்திருந்தார் என்று தீர்ப்பளித்தவர் நாற்பதாண்டு கிதாபு ஓதிய நாம். நம்பத்தகாத ஒன்றை ஒருவர் கண்டேன் என்று வந்து சொல்லும்போது, கேட்பவனின் கடமை என்ன? அவர் சொல்லை அப்படியே ஏற்பதா? அவரையே தள்ளிவிடுவதா? இக்கேள்வி தேநீர்க் கடையோடு முடிவதன்று. படைக்கலம் ஏந்திய அரசுகளும் இதே கேள்வியின் முன் நின்றிருக்கின்றன. அங்கே தவறான விடைக்கு விலை உயிர்.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்வோம். லடாக்கில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பாங்கோங் ஏரிப் பகுதியில் நம் வீரர்கள் காவல் புரிகின்றனர். ஏரியின் ஒரு பகுதி நம் வசம். பெரும்பகுதி சீனத்தின் வசம். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, ஏரிக்கு மேலே அடையாளம் தெரியாத ஒளிப்பொருள்களைக் கண்டதாகக் காவலர்கள் 329 முறை பதிவு செய்தனர். அவற்றுள் 155 எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தவையாகக் கணக்கிடப்பட்டன. சீனத்தின் ஆளில்லா வேவு விமானங்களோ என்னும் ஐயம் எழுந்தது. காலமும் நல்ல காலமன்று. 2013 ஏப்ரல் நடுவில் தெப்சாங் சமவெளியில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே கூடாரமடித்து மூன்று வாரம் நின்றன.

அந்நிலையில் இராணுவம் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவியை நாடியது. தமிழ் மக்களுக்கு இந்நிறுவனம் அயலானதன்று. நம் கல்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் காவலூர் வரும். அங்கே இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் இந்நிறுவனத்தினுடையது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் திறந்து வைக்கப்பட்டது. லடாக்கின் ஹான்லே என்னும் இடத்திலும் இந்நிறுவனத்துக்கு ஆய்வகம் உண்டு. அறிஞர்கள் அந்தப் பொருள்களைச் சுற்றியிருந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு, அவற்றின் நகர்வைக் கணக்கிட்டனர். விடை வந்தது. மாலையில் எழுந்த பொருள் வியாழன். விடியலுக்கு முன் எழுந்தது வெள்ளி. நம் பாட்டிமார் விடிவெள்ளி என்று சொல்லி ஸஹர் நேரம் கணித்தார்களே, அதுவேதான்.

செய்தி 2013 ஜூலையில் வெளியானபோது உலகம் சிரித்தது. கோள்களை வேவு விமானம் என்று எண்ணிய படை என்று ஏளனம் செய்தனர். தேநீர்க் கடையில் நாம் சிரித்த சிரிப்பும் அதே இனத்தைச் சேர்ந்தது. சற்று நின்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? காவலன் கண்டதை மறைக்கவில்லை, பதிவு செய்தான். மேலதிகாரி அவனை எள்ளி நகையாடவில்லை, கணக்கில் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, எவரும் சுடவில்லை. நமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்போம் என்று வானியலாரிடம் சென்றனர். அறியாதவர் அறிந்தோரிடம் கேட்க வேண்டும் என்பது நம் திருமறை கற்பிக்கும் ஒழுங்கும் ஆகும். அவ்வொழுங்கு அங்கே நிறைவேறியது. சிரித்தவர்கள் அதைக் காணவில்லை.

கேளாமல் கை முந்திய இடங்களும் உண்டு. 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கருவியின் பதிவும் அப்படித்தான் இருந்தது. ஆயினும் அது போர் விமானம், தம்மை நோக்கி இறங்கி வருகிறது என்றே கப்பலிலிருந்தோர் சொல்லிக்கொண்டனர். 290 பேர் மாண்டனர். ஈரானும் 2020 ஜனவரி 8 அன்று, தன் தலைநகரிலிருந்து புறப்பட்ட உக்ரைன் நாட்டுப் பயணிகள் விமானத்தைப் பகைவரின் ஏவுகணை என மயங்கிச் சுட்டது. 176 பேர் மாண்டனர். நம் நாட்டில் 2019 பிப்ரவரி 27 அன்று, ஸ்ரீநகருக்கு அருகே பட்காமில் நம் விமானப் படையின் ஹெலிகாப்டர் நம்முடைய ஏவுகணையாலேயே வீழ்ந்தது. படையினர் அறுவரும் தரையில் நின்ற ஒருவரும் உயிரிழந்தனர். அது பெருந்தவறு என்று அவ்வாண்டு அக்டோபரில் விமானப் படைத் தளபதியே ஒப்புக்கொண்டார். இம்மூன்று இடங்களிலும் கண்ணுக்கோ கருவிக்கோ ஏதோ ஒன்று தெரிந்தது உண்மை. அது இன்னது என்று முடிவு கட்டிய நெஞ்சில்தான் பிழை இருந்தது. அச்சம் அந்த நெஞ்சை அவசரப்படுத்தியது.

அச்சத்தை அடக்கிய ஒருவரையும் வரலாறு காட்டுகிறது. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் நாட்டின் எச்சரிக்கை நிலையத்தில் இரவுக் காவலில் இருந்தவர் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ். அமெரிக்காவிலிருந்து ஓர் அணு ஏவுகணை புறப்பட்டதாகக் கருவி அலறியது. பின்னர் மேலும் நான்கு என்றது. போர் தொடங்குபவன் ஐந்தே கணைகளை அனுப்புவானா என்று அவர் எண்ணினார். பொய்யெச்சரிக்கை என்று மேலே தெரிவித்தார். உயர்ந்த மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைத்தான் செயற்கைக் கோள் ஏவுகணை என்று கண்டிருந்தது. அந்த மனிதர் தயங்கியிராவிட்டால் இன்று இக்கட்டுரையை எழுத நாமோ, படிக்க நீங்களோ இருந்திருப்போமா என்பது ஐயமே.

ஈமான் கொண்டோருக்கு இது புதிய பாடமன்று. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள் என்னும் கட்டளையை அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் ஓதுகிறோம். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தக்கூடாது என்பதே அக்கட்டளைக்கு அங்கேயே கூறப்படும் காரணம். விரிவுரையாளர் பலர் அதன் பின்னணியைச் சொல்வர். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் திரட்ட ஒருவர் அனுப்பப்பட்டார். அவரை வரவேற்க அம்மக்கள் திரண்டு வந்தனர். தூரத்தே அத்திரளைக் கண்ட அவர், தம்மைக் கொல்ல வருகின்றனர் என்று அஞ்சித் திரும்பிவிட்டார். அவர்கள் ஜகாத்தை மறுத்தார்கள் என்றும் செய்தி சொன்னார். படையெடுப்பு நிகழும் நிலை வந்தது. விசாரணைதான் அதைத் தடுத்தது. திரள் வந்தது உண்மை. பகை என்பது பார்த்தவரின் சேர்க்கை. பாங்கோங் ஏரிக்கு மேலே ஒளி தெரிந்தது உண்மை, வேவு என்பது பார்த்தவரின் சேர்க்கை என்பதும் இதனோடு ஒத்தது அன்றோ!

இந்தச் சேர்க்கை எத்துணை எளிதில் நிகழ்கிறது என்பதற்குப் ‘பறக்கும் தட்டு’ என்னும் பெயரே சான்று. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் கென்னத் ஆர்னால்டு என்னும் விமானி, ஒன்பது பொருள்கள் விரைந்து பறப்பதைக் கண்டதாகச் சொன்னார். நீரின் மீது எறிந்த தட்டு தத்திச் செல்வது போல் அவை சென்றன என்று அவற்றின் போக்கை வருணித்தார். பத்திரிகைகள் போக்கை வடிவமாக்கின; பறக்கும் தட்டு பிறந்தது. அதன் பின் வானத்தில் எதைக் கண்டவரும் தட்டையே கண்டனர்.

அவ்வாண்டு தொடங்கி 1969 வரை அமெரிக்க விமானப் படை இத்தகைய செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தது. அதன் கடைசிப் பெயர் ‘புளூ புக்’ திட்டம். வந்தவை 12,618. பெரும்பாலானவை விண்மீன், கோள், மேகம், பலூன், விமானம் எனத் தெளிந்தன. 701 தெளியவில்லை. நூற்றுக்கு ஆறுக்கும் குறைவான இந்த எச்சத்தைப் பிடித்துக்கொண்டு, வேற்றுலகத்தார் வந்தனர் என்று ஒரு சாரார் நூல் எழுதினர். அனைத்தும் பொய்யர் கதை என்று மறு சாரார் தள்ளினர். 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அலுவலகம் பழைய ஏடுகளையெல்லாம் புரட்டி, வேற்றுலகக் கருவி எதற்கும் சான்று இல்லை என்று அறிவித்தது. தெளியாதவை அப்போதும் தெளியாதவையாகவே நின்றன. ‘அடையாளம் தெரியாதது’ என்று எழுதும்போது நாம் அப்பொருளைப் பற்றி எதையும் சொல்லவில்லை. நம் அறிவின் எல்லையையே சொல்கிறோம். நம் இமாம்கள் மக்கள் நிறைந்த சபையில் ‘லா அத்ரீ’, யானறியேன், என்று சொல்ல வெட்கப்படவில்லை. தொலைவிலிருந்து கேள்விகளைச் சுமந்து வந்தவரிடமே இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் பலவற்றுக்கு அவ்விடையைத் தந்து அனுப்பினார்கள்.

இனி, சொன்னவரை எவ்வாறு நடத்துவது? வானத்தைப் பார்த்துச் சாட்சி சொல்லும் மரபு நம்மிடம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இருக்கிறது. பிறை பார்த்தலைச் சொல்கிறோம். பிறை கண்டேன் என்று ஒருவர் வந்தால், எத்திசையில், எவ்வளவு உயரத்தில், கொம்புகள் எப்பக்கம் நோக்கின என்று கேட்பர். மேகம் மூடிய மாலையில் நம்பகமான ஒருவரின் சொல்லையே ரமலான் தொடக்கத்துக்கு ஹனஃபி அறிஞர்கள் ஏற்பர். வானம் தெளிந்திருந்தாலோ பெருங்கூட்டம் கண்டிருக்க வேண்டும் என்பர். ஊரே பார்த்து நிற்க ஒருவருக்கு மட்டும் தெரிந்ததென்றால், அவர் பொய்யர் என்பது பொருளன்று. கண் மயங்கியிருக்கலாம் என்பதே பொருள்.

இதற்கு பஸ்ராவின் காழி இயாஸ் இப்னு முஆவியா அவர்களின் நிகழ்ச்சி ஒன்று போதும். நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்கள் நூறு வயதை நெருங்கியிருந்த காலம். மக்களோடு பிறை பார்க்க நின்றவர்கள், இதோ தெரிகிறது என்று சுட்டிக் காட்டினார்கள். வேறெவருக்கும் தெரியவில்லை. மறுப்பதா? பத்தாண்டு நபிகளாருக்குப் பணிவிடை செய்தவரை யார் மறுப்பது? ஏற்பதா? வானத்தில் பிறை இல்லையே! இயாஸ் அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். முதியவரின் புருவத்திலிருந்து ஒரு நரைமுடி வளைந்து கண்ணின் முன் தொங்கிக்கொண்டிருந்தது. மெல்லக் கைநீட்டி அதை ஒதுக்கிவிட்டு, பிறை எங்கே என்று இப்போது காட்டுங்கள் என்று பணிவுடன் கேட்டார்கள். முதியவர் பார்த்தார், தெரியவில்லை என்றார்.

இந்நிகழ்ச்சியை மாணவர்க்கு எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். இயாஸ் அவர்களின் கூர்மதிக்குச் சான்றாக மட்டுமே உரைத்தோம். அதிலுள்ள மரியாதையை மலைப் பெரியவரை இழிவுபடுத்திய பின்னரே உணர்ந்தோம். சாட்சியின் வாய்மை வேறு, சாட்சியத்தின் மெய்ம்மை வேறு. இரண்டாவதை எவ்வளவு கடுமையாகவும் சோதிக்கலாம். சோதிப்பதற்காக முதலாவதைக் காயப்படுத்த வேண்டியதில்லை. நரைமுடியை ஒதுக்கும் கை முகத்தில் அறையக் கூடாது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். விசாரித்துக்கொண்டே இருந்தால் உண்மையில் பகைவன் வந்துவிடானா? பெட்ரோவின் கணக்குப் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நியாயமான கேள்வி. பெட்ரோவ் உறுதியாக அறிந்து சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொன்னார். அந்த எண்ணம் பிழைக்கவும் கூடும். ஆயினும் மீட்க முடியாத செயலைச் செய்பவன்தான் பெரிய சான்றைக் காட்டக் கடமைப்பட்டவன். ஒதுங்கி நிற்பவனிடம் அதே அளவு சான்றைக் கேட்பது முறையாகாது. மேலும், விசாரணை என்பது கைகட்டி உறங்குவதன்று. 2023 நவம்பர் 19 அன்று மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்துக்கு அருகே வானில் ஏதோ ஒன்று தெரிந்தது. விமானப் போக்குவரத்தைச் சில மணி நேரம் நிறுத்தினர். ரஃபேல் போர் விமானங்கள் சென்று தேடின. எதுவும் அகப்படவில்லை. நிலையம் மீண்டும் திறந்தது. சில மணி நேரத் தாமதம் நேர்ந்தது; ஓர் உயிரும் போகவில்லை. காவலும் இருந்தது, நிதானமும் இருந்தது.

மாறாக, அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கா சீனத்தின் பெரிய பலூன் ஒன்றைத் தன் நிலத்தைக் கடக்கும் வரை விட்டுவைத்துப் பின் கடல் மேல் வீழ்த்தியது. எழுந்த கூச்சலுக்குப் பின் மூன்றே நாட்களில் மேலும் மூன்று பொருள்களை ஏவுகணையால் வீழ்த்தினர். அவை தனியாரோ ஆய்வாளரோ பறக்கவிட்டவையாக இருக்கக்கூடும் என்று குடியரசுத் தலைவரே பின்னர் கூறினார். மக்களின் ஏளனத்துக்கு அஞ்சும் அரசும் அவசரப்படும் என்பதை இதில் காண்கிறோம். சிரிக்கும் நமக்கும் அந்த அவசரத்தில் பங்கு உண்டு.

நம் வீடுகளில் ஏவுகணை இல்லை, கைப்பேசி இருக்கிறது. கண்டதையும் கேட்டதையும் இன்னதென்று தெரியுமுன் ஊரெங்கும் ஏவிவிடுகிறோம். அதனால் வீழும் மானத்தையும் உறவையும் கணக்கெடுக்க எந்த விசாரணைக் குழுவும் இல்லை. செவியும் கண்ணும் நெஞ்சும் நாளை விசாரிக்கப்படும் என்று ஓதுகிறோம். நம் குழந்தைகளுக்கு இரண்டு பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தால் போதும். கண்டதைக் கண்டவாறு சொல்வது ஒன்று. அதற்கு மேல் தெரியாததைத் தெரியாது என்பது மற்றொன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காக வானமே இருண்டது என்று மக்கள் பேசினர். துயரத்தில் ஆழ்ந்த தந்தைக்கு அது ஆறுதலாயிருந்திருக்கும். ஆயினும் சூரியனும் சந்திரனும் எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் அடைவதில்லை என்று அவர்கள் உடனே தெளிவுபடுத்தினார்கள். தமக்குப் புகழ் சேர்க்கும் தவறான விளக்கத்தையும் வானத்தின் மீது ஏற்ற அவர்கள் சம்மதிக்கவில்லை.

இப்போதும் கச்சிராயபாளையத்துக்குச் செல்கிறோம். அந்தப் பெரியவர் வந்தால் நம் பக்கத்தில்தான் உட்கார்கிறார். மேலே மலையில் விளக்குகள் குறைவு. வானம் நம் ஊரைவிடத் தெளிவு. நேற்று என்ன தெரிந்தது பெரியவரே என்று இப்போது நாம்தாம் முதலில் கேட்கிறோம். அவர் கண்டதைச் சொல்கிறார். அது இன்னதென்று நமக்குத் தெரிந்தால் சொல்கிறோம். தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இருவரும் தேநீரைக் குடிக்கிறோம்.